கோல்கீப்பருக்கு ஒரே இடம்

நகரத்தின் இரண்டு பெண்கள் கால்பந்து அணிகளும் இந்த வருஷம் எந்தெந்தப் பெண்ணை எடுக்கப்போகின்றன என்று முன்கூட்டியே சொல்கிறவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டம், ராசி என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. வானொலி நிலையத்தில் விளையாட்டுச் செய்தி வாசிக்கிறவர். ஆனால் தேர்வு நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் மைக் முன்னால் உட்கார்ந்து பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தால், ஊரில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் மறுநாள் அவரைத் திட்டுவதற்காகக் கேட்பார்கள்.

சீசன் முடிந்ததும் ஒரு பெரிய மண்டபத்தில் தேர்வு நடக்கும். லீகில் இருக்கும் அணிகள் முறைவைத்து, ஆளுக்கொரு பெண்ணாக, இளையோர் ஆட்டக்காரிகளிலிருந்து எடுத்துக்கொண்டே போகும். பத்தொன்பது வயது முடிவதற்குள் எடுபடாதவள் அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் ஆட்டத்தைப் பார்க்க அம்மா அப்பாவைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

ஜோசியர் சொல்வது பெரும்பாலும் பலித்ததற்குக் காரணம், அவர் பந்தைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் பார்ப்பதுதான். அணியின் ஆள்பிடிக்கும் அதிகாரி எந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பெண் பந்தைத் தொடும்போது போனை மடியில் வைக்கிறார், யாருடைய அம்மாவிடம் போய் வலியப் பேச்சுக் கொடுக்கிறார், இதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. கோல் வாங்கின பிறகு ஒரு பெண் யாரைப் பார்க்கிறாள் என்பதையும் பார்ப்பார். தரையைப் பார்க்கிறவளை அணிகள் எடுப்பதில்லை என்பது அவர் அனுபவம்.

இந்த வருஷம் அவருக்கு வேலை சுலபமாகவே இருந்திருக்க வேண்டும். ஊரின் இரண்டு அணிகளில் துறைமுக அணியின் கோல்கீப்பருக்கு வயதாகிவிட்டது. அவர்களுக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டும். ரயில்வே அணியிடம் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கு வேண்டாம். வெளியூர் அணிகளும் கோல்கீப்பர் தேடவில்லை. ஆக, கோல்கீப்பருக்கு ஒரே இடம். அந்த இடத்துக்கு உள்ளூரில் இரண்டே பெண்கள். ஒருத்தி பூனை. எந்த மூலைக்குப் பந்து போனாலும் பாய்ந்து பிடிப்பதால் வந்த பெயர். இன்னொருத்தி குச்சி. உயரமும் ஒல்லியுமாக, அலட்டிக்கொள்ளாமல் ஆடுகிறவள். இருவருக்கும் இதுதான் கடைசி வருஷம். குச்சியைவிடப் பூனை ஒரு மாற்று அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பூனை ஜோசியரின் அக்கா மகள்.

கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளாத மனிதர். சொந்த வீடு என்பது தூங்குவதற்கு மட்டும். சாப்பாடு, சண்டை, சிரிப்பு எல்லாம் அக்கா வீட்டில்தான். அக்கா புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். அதற்கும் சேர்த்து அக்கா பேசுவாள். இந்தப் பெண்ணைப் பொழுது விடியுமுன் எழுப்பி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியதும், "பொண்ணுக்கு எதுக்குங்க பந்து" என்று கேட்ட புருஷன் வீட்டு உறவுகளை வாசலோடு அனுப்பியதும் அவள்தான். பரீட்சையன்று போட்டி வந்தபோது போட்டிக்குப் போகச் சொன்னதும் அவள்தான். பூனை பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு சாதாரணப் பயிற்சி ஆட்டத்தில் ஜோசியர் அதைப் பார்த்தார். இடது மூலைக்கு ஒரு பந்து வந்தது. பூனை பாயவில்லை. இரண்டு எட்டு நகர்ந்துபோய்ப் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் "எவ்வளவு நிதானம் பாரு" என்றார்கள். ஜோசியர் பெஞ்சின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அவளுடைய இடது காலை மட்டுமே பார்த்தார். அந்தக் காலை ஊன்றி அவள் ஒரு தடவைகூட எம்பவில்லை.

உடை மாற்றும் அறைக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் அருகே அவளைப் பிடித்தார்.

"முட்டியா?"

பூனை முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவ ஒன்றும் இல்லாத முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா. உள்ள ஏதோ நழுவுற மாதிரி இருக்கு மாமா. சில சமயம் கால் என்னோடதே இல்லாத மாதிரி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தேர்வு முடியட்டும்."

"முடிஞ்சதும் மெடிக்கல் டெஸ்ட் இருக்கே."

"அப்ப பாத்துக்கலாம். முதல்ல எடுக்கட்டும். எடுத்தப்புறம் அவங்களே வைத்தியம் பாப்பாங்கன்னு சொல்றாங்க."

யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. அப்படி ஒரு அணியும் பார்த்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். பெற்றவள் கேட்டால் பதறிப்போய்ப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடுவாள். தன் பாரம் இறங்கும் என்று நினைத்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைத்துப் பேச்சை ஆரம்பித்தபோது, அவள் திரும்பாமலேயே கேட்டாள்.

"முட்டியப் பத்திதான சொல்ல வந்த?"

ஜோசியர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் காலைல அவளுக்குக் கட்டுப் போடுறது யாருன்னு நெனச்ச? அவங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வீட்டோட உக்கார வெச்சிடுவாரு."

"அக்கா, கால் போயிடும். நடக்கறதே கஷ்டமாயிடும்."

"இப்ப எடுக்கலன்னா மட்டும் என்ன பண்ணப் போறா? படிப்பு இருக்கா? கைத்தொழில் இருக்கா? வேற எதையும் கத்துக்க நான் விட்டனா?" அக்கா குழாயை மூடினாள். "நான் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கனாடா இதுவரைக்கும்? ஒன்னே ஒன்னு. ரேடியோல அவ பேரச் சொல்லு. போன வருஷம் வரைக்கும் எப்படி வாய்கூசாம எல்லார் பேரயும் சொன்னியோ, அப்படிச் சொல்லு. நீ சொல்லலன்னா ஏன் சொல்லலன்னு ஊரே தோண்டும்."

அதுதான் அவரை மடக்கியது. சொன்னால் பொய். சொல்லாவிட்டால் காட்டிக்கொடுத்தது போல. மாமன்காரனே மருமகளை விட்டுவிட்டான் என்றால் துறைமுக அணிக்காரர்கள் அன்றைக்கே மூக்கை நுழைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்க அவருக்கு ஒரு சாண் இடம் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

சொல்ல வேண்டிய சாயங்காலமும் வந்தது. ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கையைக் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில்வே அணி எடுக்கப்போகிறவர்களை ஜோசியர் சிரமமில்லாமல் சொன்னார். நடுவில் ஒரு ஜோக்கும் அடித்தார். பிறகு துறைமுக அணி. முதல் பெயர் ஒரு முன்வரிசைக்காரி. இரண்டாவது கோல்கீப்பர். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் புருவத்தை உயர்த்தினார்.

"கோல்கீப்பர் விஷயத்துல துறைமுக அணிக்கு வேற யோசனையே இருக்காது," என்றார் ஜோசியர். "பூனைதான்."

நேயர்கள் போனில் பேசும் நேரம். முதலில் பேசியவர் வழக்கம்போல அவரைத் திட்டினார். இரண்டாவது அழைப்பு வந்தது. ஒரு மின்விசிறியின் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஜோசியர் நினைப்பதற்குள் குரல் வந்தது.

"சார், நான்தான். சலூன்லேர்ந்து."

ஜோசியருக்கு வருஷக்கணக்காக முடி வெட்டுகிறவர். குச்சியின் அப்பா.

"முடி வெட்டுறப்ப ஒரு நாளும் நான் என் பொண்ணப் பத்தி உங்ககிட்ட வாயத் திறந்ததில்ல சார். உங்களுக்கே தெரியும். கேட்டா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். இன்னிக்கு ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். அவகிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க. வீட்டுல உக்காந்து கேட்டுட்டிருக்கா. குறை தெரிஞ்சா மனச ஆத்திக்குவா."

அந்தப் பெண்ணிடம் குறை ஒன்றும் இல்லை. இரண்டு கால்களும் நன்றாக இருந்தன. இன்றைய தேதியில் அந்த இடம் அவளுக்குத்தான். அது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஜோசியர் மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குறைன்னு இல்ல..." என்றார். "அணியோட தேவைன்னு ஒன்னு இருக்கு. உயரமானவங்களுக்குத் தாழ்வா வர்ற பந்து கொஞ்சம்..." என்று ஏதேதோ சொன்னார். வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. "சரிங்க சார், சரிங்க சார்" என்று சலூன்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவது குரலிலேயே தெரிந்தது. "ரொம்ப நன்றிங்க சார்," என்று கடைசியில் சொல்லிப் போனை வைத்தார்.

அந்த நன்றியைத்தான் ஜோசியரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை, குளித்தும் குளிக்காமலும் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்கு விரைந்தார். துறைமுக அணியின் மேலாளரைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா இனி முகத்தில் விழிக்கமாட்டாள்; விழிக்க வேண்டாம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு சீசன் ஆடினால் ஆயுசுக்கும் நொண்டுவாள். பஸ்ஸில் நின்றபடி சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது.

மண்டபத்தின் பின்வாசலில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மேலாளர் நின்றிருந்தார். எதிரில் பூனை. போட்டி உடையில்லாமல், சாதாரண உடுப்பில், பேன்ட்டை முட்டிக்கு மேல் மடித்துவிட்டுக் காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. மேலாளர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். ஜோசியரைக் கடக்கும்போது நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

ஜோசியர் அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பார்த்தார். அதுவே பதிலாயிற்று.

"நல்லவேளை, அந்தப் பொண்ணுக்காவது வாய் இருந்துச்சு," என்றார் மேலாளர். "வெளியூர்ல ஒரு பொண்ணப் பாத்து வெச்சிருக்கோம். அதையே எடுத்துக்கறோம்."

"இங்கயே இன்னொரு பொண்ணு இருக்கு. சலூன்காரர் மகள். அவள ஒரு தடவை..."

"நேத்து ரேடியோல அந்தப் பொண்ணுக்குத் தாழ்வான பந்து வராதுன்னு சொன்னது நீங்கதான? கார்ல நாங்க எல்லாரும் கேட்டோம்." மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்து நீங்க அவ பேரச் சொல்லியிருந்தா யோசிச்சிருப்போம். இன்னிக்கு நீங்க எது சொன்னாலும் எங்க ஆளுங்க காதுல வாங்கமாட்டாங்க, ஜோசியரே."

அவர் போய்விட்டார். பூனை பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்மா வந்த? நானே சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன்."

"நேத்து ரேடியோல குச்சியோட அப்பா பேசினதக் கேட்டேன். என்னால உக்கார முடியல." அவள் அவரைப் பார்க்காமல் பேசினாள். "நல்ல மனசுன்னு நெனச்சுடாதீங்க மாமா. மெடிக்கல்ல எப்படியும் மாட்டுவேன். எடுத்து, மாலை போட்டு, போட்டோ புடிச்சு, அப்புறம் துரத்தினா அம்மா தாங்கமாட்டா. இப்பவே எடுக்கலன்னா வெறும் துரதிர்ஷ்டம்னு போயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அக்காவும் அவள் புருஷனும் புதுத்துணி உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோசியர் கடைசி வரிசையில், சுவரோரம் நின்றார். துறைமுக அணியின் முறை வந்தது, முன்வரிசைக்காரியை எடுத்தார்கள். மறுபடியும் முறை வந்தது. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தேவிட்டாள். மேடையில் வாசித்த பெயர் வெளியூர்ப் பெண்ணுடையது. அக்கா எழுந்த வாக்கில் அப்படியே நின்றாள். புருஷன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நடுவில் சலூன்காரர் ஜோசியரைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். உங்க கணிப்பும் தப்பிடுச்சே, பரவால்ல சார் என்பது போல ஒரு சிரிப்பு. ஜோசியர் கூரையைப் பார்த்தார்.

சுற்று மேல் சுற்றாகப் போயிற்று. மண்டபம் பாதி காலி. கடைசிச் சுற்றில் ரயில்வே அணிக்காரர்கள் தங்களுக்குள் தலையை ஒட்டிவைத்துக் குசுகுசுவென்று பேசி, ஒரு சீட்டை மேடைக்கு அனுப்பினார்கள். குச்சியின் பெயரை வாசித்தபோது அவளுக்கே முதலில் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துத் தள்ளினார்கள். ரயில்வேயின் இரண்டாவது கோல்கீப்பர் கர்ப்பமாக இருந்தாளாம். அந்த வாரம்தான் நிர்வாகத்துக்கே சொல்லியிருக்கிறாள். இது எந்த ஜோசியருக்கும் தெரியாத சங்கதி. அவர் சொன்னதாலும் நடக்கவில்லை, சொல்லாததாலும் நிற்கவில்லை. மேடைக்குப் போகும் வழியில் குச்சி பூனையைக் கட்டிக்கொண்டாள். பூனையும் கட்டிக்கொண்டாள். பிறகு பெண்கள் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள், அக்கா கதவை ஓங்கி ஓங்கித் தட்டும்வரை வெளியே வரவில்லை.

மண்டபத்து வாசலில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"காலைல உன்னை அந்த மேனேஜர்கூடப் பின்வாசல்ல பாத்ததா ஒருத்தர் சொன்னாரு. உண்மையா?"

"உண்மைதான்."

"அப்ப நீதான்."

பூனை அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். அவள் வாயைத் திறப்பாள் என்று ஜோசியர் எதிர்பார்க்கவில்லை, திறக்கவும் இல்லை. நானும் அதைச் சொல்லத்தானே வந்தேன், பஸ் கொஞ்சம் முன்னால் கிடைத்திருந்தால் நான்தானே சொல்லியிருப்பேன் என்று அவர் தனக்குள் கணக்குப் போட்டார். பேசாமல் நின்றார்.

"கூடப் பொறந்தவன்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. அவ்வளவுதான். புருஷன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகள் நொண்டுவதை அப்போதுதான் கவனித்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஜோசியர் கடைச்சாப்பாடு சாப்பிட்டார். அக்காவுக்குப் போன் போட்டால் மணி அடித்து ஓய்ந்தது. முடி காதைத் தாண்டி வளர்ந்தது; சலூன் இருக்கும் தெருப் பக்கம் அவர் போகவில்லை. நிலையத்தில், மாமனே மருமகளைக் காட்டிக்கொடுத்தான் என்று ஒரு சாராரும், மருமகளுக்காகப் புளுகினான் என்று இன்னொரு சாராரும் பேசினார்கள். இரண்டையும் அவர் மறுக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அந்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

முட்டிக்கு அறுவை சிகிச்சை என்று அக்கா புருஷன்தான் போன் செய்தார். போனில்கூட அவர் அதிகம் பேசவில்லை. நாளைச் சொன்னார், ஆஸ்பத்திரியைச் சொன்னார், "வந்தா நல்லாருக்கும்" என்றார்.

ஜோசியர் போனார். அக்காவின் பார்வை படாமல் மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் பூனை அம்மாவைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொல்வதைத் தூரத்திலிருந்து பார்த்தார். அக்கா நிமிரவே வெகுநேரம் ஆயிற்று. தள்ளுவண்டி போன பிறகும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் பக்கம் திரும்பவில்லை.

தசைநார் கிழிந்து ரொம்ப நாளாகிவிட்டது என்றார் டாக்டர். நடப்பாள், படி ஏறுவாள், ஓடக்கூடச் செய்யலாம். கோலுக்கு முன்னால் நிற்பதைப் பற்றி அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யவில்லை. அப்பா பூனையை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய பெண், ஒரு கால் கட்டோடு நீட்டிக்கொண்டிருக்க, "அப்பா, மெதுவா, சுவத்துல இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே போனாள். "பஸ்ஸையே ஒடிச்சுத் திருப்பறேன், இது என்ன" என்றார் அவர். வெகுநாளைக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது. பின்னால் அக்கா மருந்துப் பையோடு ஏறினாள். அவளுக்கும் பின்னால், ஊன்றுகோல்கள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஜோசியர் ஏறினார்.

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கட்டிலில் படுக்க வைக்கும் சத்தம், தலையணை கேட்கும் சத்தம். ஜோசியர் ஊன்றுகோல்களை வாசல் சுவரில் சாய்த்து வைத்தார். ஒன்று வழுக்கி விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தார். கிளம்பலாமா, சொல்லிக்கொண்டு கிளம்பலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா கூடத்துக்கு வந்தாள். அவரைப் பார்த்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. எப்போது என்று தெரியவில்லை. வந்து ஊன்றுகோல்களை எடுத்து உள்பக்கச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"வாசல்ல என்ன நிக்கற," என்றாள் பிறகு. "உள்ள வந்து கதவச் சாத்து. கொசு வருது."